ஒற்றைக் காதும் இரட்டைக் காதும்

திரையிசையைப் பற்றி எழுதும்போது நாம் குரலைப் பற்றி எழுதுகிறோம். வரிகளைப் பற்றி எழுதுகிறோம். சற்றுத் துணிந்தால் ராகத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறோம். பேஸ் கிட்டாரைப் பற்றி எழுதுவது அரிது. இத்தனைக்கும் நம்மில் பலருக்கு அது மனப்பாடம். 1980இல் வந்த 'மூடுபனி'யின் 'என் இனிய பொன் நிலாவே'யையோ, அதே ஆண்டு வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாடலையோ முணுமுணுத்துப் பாருங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையில் வாய் தானாக 'தும் தும்' என்று ஏதோ ஒன்றைச் சொல்லும். அதுதான் பேஸ். இளையராஜாவின் இசைக்குழுவில் அதை வாசித்த சசிதரனின் பெயரும், ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயரும் ஆர்வலர்களைத் தாண்டிப் போகவில்லை. நம் காதுக்குள் இத்தனை ஆண்டுகளாக வசிக்கிறவர்களை நமக்கு அடையாளம் தெரியாது.

இதைப் பற்றி யோசிக்க நேர்ந்தது என் சித்தி மகனால். அரியலூருக்கு அருகே ரெட்டிபாளையத்தில் இருக்கிறான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு எடைமேடையில் ரசீது போடும் ஒப்பந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேவாலயப் பாடற்குழுவிலும், திருவிழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் பேஸ் வாசிக்கிறான். இதுவரை குழு உரிமையாளரின் பழைய கருவிதான். இரண்டு ஆண்டுகள் கட்டிய மாதச் சீட்டை எடுத்துச் சொந்தமாக ஒன்று வாங்கத் தீர்மானித்து என்னிடம் கேட்டான்: "அண்ணே, ஒரு பிக்கப் வச்சதா, ரெண்டு பிக்கப் வச்சதா?" கல்லூரி நாட்களில் நானும் கொஞ்சம் வாசித்தவன் என்பதால் வந்த கேள்வி. தொலைபேசியில் ஒற்றை வார்த்தையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதங்கள் பேசினோம்.

பிக்கப் என்றால் என்ன என்பதை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். மின்கிட்டாரின் தந்திகள் எஃகாலானவை. அவற்றின் அடியில் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகவும் இருக்கும். தந்தி அசைய, காந்தப்புலம் அசைகிறது. சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட உண்மை, அவ்வளவுதான். அந்த மிகச் சிறிய மின்சாரத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறோம். அதாவது பிக்கப் என்பது தந்திக்குக் கீழே வைத்த ஒரு காது. ஆனால் இந்தக் காது தந்தி முழுவதையும் கேட்பதில்லை. தனக்கு நேர் மேலே உள்ள ஓரிரு அங்குலத்தை மட்டும் கேட்கிறது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு தந்தி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழு நீளமும் ஒரு வில்லாக அசைகிறது. அதே கணத்தில் இரண்டு பாதிகளாகவும், மூன்று பங்குகளாகவும், நான்காகவும், ஐந்தாகவும் அசைகிறது. முழு அசைவு தருவது அடிச்சுரம், மற்றவை மேற்சுரங்கள். இரண்டும் கலந்ததே நாம் 'நாதம்' என்று சொல்வது. குதிரையின் அருகே தந்தி அதிகம் ஆடாது. அங்கே அடிச்சுரம் மெலிந்து மேற்சுரங்கள் முன்னே நிற்கும். நடுப்பக்கம் வரவர அடிச்சுரம் பருக்கும். வீணை வாசிப்பவர்களுக்கு இது விரலாலேயே தெரியும். குதிரையை ஒட்டி மீட்டினால் நாதம் கூராகும். தள்ளி மீட்டினால் குழையும். பிக்கப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் அதே கேள்விதான். தந்தியை எங்கிருந்து கேட்பது?

வரலாறு இதற்கு இரண்டு பதில்களைத் தந்திருக்கிறது. 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டட்மார்க் ஒரு மின்பேஸ் செய்தார், அது பரவவில்லை. பரவியது 1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்'. ஃபெண்டர் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயரப் பேஸ் வயலினைத் தூக்கிச் சுமந்த கலைஞர்களுக்குத் தோளில் மாட்டக்கூடிய ஒன்றைத் தர நினைத்தார். ஃப்ரெட்டுகள் இருப்பதால் சுரம் துல்லியமாக விழும் என்பதே பெயரின் பொருள். அதில் ஒரு பிக்கப் மட்டும். 1957இல் அந்த பிக்கப்பை இரண்டு துண்டாக்கினார்: இரு தந்திகளுக்கு ஒரு துண்டு, மற்ற இரு தந்திகளுக்கு இன்னொன்று. பார்வைக்கு இரண்டு போலிருந்தாலும் ஒரே இடத்திலிருந்து கேட்பதால் அது ஒன்றுதான். கடைகளில் பலர் குழம்புவது இங்கே. அப்படித் துண்டாக்கியதற்கு ஒரு காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

1960இல் அதே நிறுவனம் 'ஜாஸ் பேஸ்' என்ற கருவியைக் கொண்டுவந்தது. மெலிந்த கழுத்து, இரண்டு பிக்கப்கள். ஒன்று கழுத்துப் பக்கம், இன்னொன்று மூன்றரை அங்குலம் போலத் தள்ளிக் குதிரையை ஒட்டி. இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். இது முழுக்கப் புதிய யோசனை அல்ல. பின்னாளில் பால் மெக்கார்ட்னியால் உலகறிந்த ஜெர்மனியின் ஹோஃப்னர் பேஸிலும் இரண்டு உண்டு. ஆனாலும் இன்றுவரை உலகெங்கும் செய்யப்படும் மலிவான கருவிகளில் பெரும்பாலானவை ஃபெண்டரின் இந்த இரண்டில் ஒன்றைப் பார்த்துச் செய்தவையே. தம்பியின் கேள்வியும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் நின்றது.

இரு தரப்புக்கும் பெரிய சாட்சிகள் உண்டு. டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஒற்றைப் பிக்கப் ஆள். 1962ஆம் ஆண்டு பிரிசிஷன், வலக்கையின் ஒரே விரல். அதைக் கொண்டு ஒரு தலைமுறையின் நடனத்தையே நடத்தினார். உயிரோடு இருந்த காலத்தில் பெரும்பாலான இசைத்தட்டுகளில் அவர் பெயரே அச்சாகவில்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸ் இரட்டைப் பிக்கப் ஆள். தன் ஜாஸ் பேஸின் ஃப்ரெட்டுகளை நீக்கிவிட்டுக் குதிரைப் பக்கப் பிக்கப்பை முன்னிறுத்தி, 1976இல் தன் பெயரிலேயே வெளியிட்ட தொகுப்பில் பேஸைப் பாடவைத்தார். பின்வரிசையில் நின்றவன் மேடையின் முன்னே வந்து பேசிய தருணம் அது.

தம்பியின் வாதம் எளிமையானது, தர்க்கபூர்வமானதும்கூட. "ரெண்டு இருந்தா, ஒண்ணைக் குறைச்சா ஒத்தை ஆயிடும். ஒத்தை மட்டும் இருந்தா ரெண்டாக்க முடியாதே?" யார்தான் மறுக்க முடியும்? ஒரே ஒருமுறை வாங்கப் போகிறவனுக்கு, அடுத்ததை எப்போது வாங்குவோம் என்று தெரியாதவனுக்கு, கூடுதல் வாய்ப்புதானே பாதுகாப்பு? நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பார்க்க அந்தக் கூட்டல் கணக்கு தளர்ந்தது.

முதலாவது, இரண்டு காதுகள் சேர்ந்தால் இரண்டு மடங்கு கேட்பதில்லை. தந்தி பல பங்குகளாக அதிரும்போது அடுத்தடுத்த பங்குகள் எதிரெதிர்த் திசையில் அசைகின்றன. முன் பிக்கப்புக்கு மேலே தந்தி ஏறும் கணத்தில் பின் பிக்கப்புக்கு மேலே இறங்கிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட மேற்சுரங்களில் ஒரு காது 'ஆம்' என்கிறது. மறு காது 'இல்லை' என்கிறது. இரண்டையும் கூட்டினால் மிஞ்சுவது கொஞ்சம். தடித்த ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் அதன் அடிச்சுரம் நொடிக்கு 41 அதிர்வுகள். ஜாஸ் பேஸின் பிக்கப் இடைவெளியை வைத்துக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 250 முதல் 450 அதிர்வுகள் வரையிலான பகுதி இப்படித் தேய்கிறது. அடியும் உச்சியும் தங்கி நடு குழிகிறது. இரண்டையும் முழுதாகத் திறந்த ஜாஸ் பேஸின் அந்தப் பளபளப்பான, பாதரசம் போன்ற ஒலி இந்தக் குழியிலிருந்து வருவது. அழகுதான். அந்த அழகு ஒரு இழப்பின் வடிவம்.

இரண்டாவது, இரைச்சல். சுருற்றிய கம்பி தந்தியை மட்டும் கேட்பதில்லை. சுற்றிலும் ஓடும் மின்சாரத்தையும் கேட்கிறது. 1957இல் பிக்கப்பைத் துண்டாக்கியதன் பயன் இங்கேதான். இரு துண்டுகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் திருப்பி வைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. தந்தியின் ஒலி தப்பிக்கிறது. ஜாஸ் பேஸிலும் இரு பிக்கப்களுக்கு இடையே இதே ஏற்பாடு செய்வதுண்டு. ஆனால் இரண்டையும் சமமாகத் திறந்திருக்கும் வரைதான் அது பலிக்கும். ஒன்றைக் குறைத்த உடனே உறுமல் எட்டிப்பார்க்கும். இரைச்சல் மிகுந்த இடத்தில் இரட்டைப் பிக்கப்காரர் என்ன செய்வார்? இரண்டையும் முழுதாகத் திறந்துவிட்டு அந்தக் குமிழ்களைத் தொடாமல் இருப்பார். வாய்ப்புக்காக வாங்கியவருக்கு மிஞ்சுவது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் நடு குழிந்த வாய்ப்பு. உறுமாத வகையில் சுருள்களை அடுக்கிச் செய்த பிக்கப்கள் தனியாகக் கிடைக்கின்றன. சீட்டுப் பணத்தில் வாங்கும் கருவியில் அவை இருப்பதில்லை.

இனி ரெட்டிபாளையத்துக்கு வருவோம். கருவியைப் பற்றி எழுதுகிறவர்கள் அது ஒலிக்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். அரியலூர் வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம். கிரெட்டேசியக் காலத்துச் சிப்பிகளும் நத்தைகளும் பாறையில் பதிந்திருக்கின்றன. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புதான் இன்று சிமெண்ட் ஆகிறது. சுரங்கம், ஆலை, லாரி, வெள்ளைப் புழுதி. பங்குனி சித்திரையில் திருவிழாக்கள். பக்கத்தில் கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாளுக்கு இராமநவமி விழா. இந்தச் சுற்றுவட்டாரத்து மேடை எப்படி இருக்கும்? பின்னால் ஜெனரேட்டர். தலைக்கு மேலே சீரியல் செட் விளக்குகள் மின்னி மின்னி அணையும். குழல் விளக்குகள். எர்த் இருந்தால் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து ஐம்பது சுழற்சி மின்சாரத்தின் உறுமலைப் பேஸின் சுருளுக்குள் ஓயாமல் ஊதுகின்றன.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. பேஸின் தடித்த தந்தியில் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் 'ஜி' சுரம் நொடிக்கு 49 அதிர்வு. இரண்டும் பக்கத்து வீட்டுக்காரர்கள். உறுமும் பிக்கப்பை வைத்துக்கொண்டு அந்தச் சுரத்தை நீளப் பிடித்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி வீங்கி வற்றும். மெதுவான பாட்டில் கடல் அலைபோல அது எழுந்து விழுவதைத் தம்பி தன் பழைய இரட்டைப் பிக்கப் கருவியில் பலமுறை கேட்டிருக்கிறான். ஏன் என்று தெரியாமல் மைக் செட்காரரோடு சண்டையும் போட்டிருக்கிறான். காரணத்தைச் சொன்னபோது தொலைபேசியின் மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை.

மூன்றாவது விஷயம் கேட்பவர்கள் நிற்கும் இடம். மேடை அருகே பெரிய பெட்டிகள் இருக்கும். தெருமுனைவரை கம்பங்களில் கட்டியிருப்பவை குழாய் ஒலிபெருக்கிகள். 41 அதிர்வு, 49 அதிர்வு என்பதெல்லாம் அந்தக் குழாயின் வழியே போகவே போகாது. அப்படியானால் தெருமுனையில் கடலை விற்பவர் பேஸைக் கேட்பதே இல்லையா? கேட்கிறார். பழைய தொலைபேசியில் நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே ஒன்றும் வராது. ஆனாலும் அப்பாவின் கனத்த குரல் கனமாகவே கேட்டது. மேற்சுரங்களின் வரிசையைக் கேட்ட மூளை, வராத அடிச்சுரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது. குழாய் ஒலிபெருக்கியில் பேஸ் உயிர்வாழ்வது இந்த இரவல் மூச்சில்தான். அதற்கு வேண்டியது நடுப்பகுதி. ஒற்றைப் பிக்கப் உரக்கச் சொல்வதும், இரட்டைப் பிக்கப் தன் அழகுக்காகக் கைவிடுவதும் அதே நடுப்பகுதிதான். வீட்டில் ஹெட்ஃபோனில் கேட்டால் ஜாஸ் பேஸ் வெல்லும். கல்லங்குறிச்சித் திடலில், மூன்று கீபோர்டுகளுக்கும் பேண்டுக்கும் நடுவில், அது கரைந்துபோகும்.

இதையெல்லாம் சொல்லும்போது மறுதரப்புக்கு நியாயம் செய்ய வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில், இரைச்சலற்ற அறையில், இரண்டு பிக்கப்கள் பெரும் செல்வம். மேல் ஃப்ரெட்டுகளில் ஏறி மெட்டாக வாசிக்கிறவருக்குக் குதிரைப் பக்கத்துக் கூர்மை தேவை. அது இல்லாமல் வேகமான சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் அறைந்து வாசிக்கும் பாணிக்கு நடு குழிந்த ஒலியே அணி. பிரிசிஷனின் துண்டுப் பிக்கப்போடு குதிரைப் பக்கம் ஜாஸ் பிக்கப்பைச் சேர்த்துச் செய்யும் கலப்புக் கருவிகளும் உண்டு; சமரசம் விரும்புகிறவர்களுக்கு அது மோசமான வழியல்ல. 1976இல் வந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரே போல, ஒரே பிக்கப்பைக் குதிரைக்குக் கிட்டே நகர்த்தி, உள்ளேயே பெருக்கி வைத்த கருவியும் உண்டு. ஒற்றை என்றால் இருண்ட ஒலிதான் என்ற எண்ணத்தை அது உடைத்தது. எண்ணிக்கையை விட இடம் முக்கியம்.

ஆனால் தம்பியின் விஷயத்தில் வேறொன்று குறுக்கே நின்றது. அதைக் கடைசியில்தான் சொன்னான். குழு உரிமையாளர் ஏற்கெனவே இரண்டுமுறை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார்: "பேஸை கீபோர்டுல இடது கையாலேயே போட்டுக்கலாம்ப்பா." சில குழுக்கள் அதையும் கடந்து, பாடகரை மட்டும் மேடையேற்றி, இசையைப் பதிவாக ஓடவிடுகின்றன. ஆட்களைக் குறைக்கும்போது முதலில் விழும் பெயர் பேஸ்காரனுடையது. அவன் இல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? தெரியாதென்று நினைக்கும் ஒரு வேலைக்காக அவன் இரண்டு ஆண்டுச் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டவிருந்தான். சித்தி அதைப் பெரிய வார்த்தைகளில் சொல்லவில்லை. "வண்டி வாங்கியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அங்கேதான் கேள்வி எனக்குத் திரும்பி நின்றது. எந்தக் கருவி அழகாக ஒலிக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தக் கருவி நின்றுபோனால் பாட்டு சரியும் என்று கேட்டிருக்க வேண்டும். பேஸ் வாசிக்கிறவனுக்கு இருப்பில் சாட்சியில்லை, இன்மையில்தான் சாட்சி. மடை திறந்து ஓடும் பாட்டில் நான்கு மாத்திரைகளுக்கு அவன் கையை எடுத்தால், திடலின் கடைசி வரிசையில் நிற்பவருக்குக் காரணம் தெரியாமலே காலடி நழுவ வேண்டும். பளபளப்பான ஒலி அப்படிப் பள்ளம் விடாது. அது போனால் அலங்காரம் போனது போலிருக்கும். நடு நிறைந்த, மழுங்கிய, பிடிவாதமான ஒலி போனால் தூண் போனது போலிருக்கும். ரெட்டிபாளையத்துத் தம்பிக்குத் தேவை தூண்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது அவன் ஏற்கெனவே முடிவுக்கு வந்திருந்தான். அதுவும் நான் சொல்லாத ஒரு காரணத்துக்காக. "ஒத்தைதான்ணே வாங்கப்போறேன். குமிழ் இல்லாட்டி, கையை நகர்த்தித்தானே சத்தத்தை மாத்தணும்? கை கத்துக்கும்." குதிரையை ஒட்டி மீட்டினால் கூர், கழுத்தை ஒட்டி மீட்டினால் குழைவு, உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் லேசாக வைத்தால் பழைய பேஸ் வயலினின் 'தும்'. இரண்டாவது பிக்கப் மரத்தில் இல்லாவிட்டால் வலக்கையில் முளைக்கும் என்கிறான். ஜேமர்சனின் ஒற்றை விரலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருப்பதை இவன் படித்ததில்லை.

வாங்கப்போகிற மற்றவர்களுக்கு ஒரு யோசனை. கடையில் ஒலியை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கருவியை ஆம்பில் செருகி, எரியும் குழல் விளக்கின் அருகே கொண்டுபோய், தந்தியைக் கையால் அமுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். இரட்டைப் பிக்கப் என்றால் ஒன்றை முழுதாக மூடிவிட்டு அதையே செய்யுங்கள். உறுமல் எந்தப் பக்கம் ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு ஒரு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி, கதவுக்கு வெளியே நின்று கேளுங்கள். பேஸ் பெரும்பாலும் அந்தத் தொலைவிலிருந்துதான் கேட்கப்படுகிறது. நண்பரைத் திடீரென நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே நின்ற உங்களுக்கு ஏதோ ஒன்று குறைந்ததாகத் தோன்றினால், அந்தக் கருவியை எடுத்துக்கொள்ளலாம்.